ரோபோட்டிக்ஸ் போட்டிக்கு அழைப்பு விடுக்கும்போது

திருகோணமலையில் மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டியை நடத்துவோர், வலயக் கல்விப் பணிப்பாளருக்கான அழைப்பை அதிபரின் கையொப்பத்துடன் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்னரே கையளிப்பது நல்லது; மூதூர், கிண்ணியா அணிகளும் பங்கேற்குமாயின் அவ்வலயங்களுக்கும் தனித்தனியே எழுத வேண்டும்.

அனுசரணையாளர்களுக்கு அதே கடிதத்தின் பிரதியை அனுப்பாதீர்கள். ‘இயன்ற உதவி’ என்ற பொதுவான வேண்டுகோளை எவரும் எளிதில் ஒதுக்கிவிடுவர். ஓர் அணிக்குத் தேவையான ஆர்டுயினோ பலகை (ரோபோவைக் கட்டுப்படுத்தும் சிறு மின்னணுப் பலகை), சர்வோ மோட்டார்கள் (குறித்த கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்கள்), சென்சர்கள், மின்கலங்கள் ஆகியவற்றின் அண்மைய விலைகளைக் குறிப்பிட்டு, அவற்றுள் ஒன்றையேனும் பொறுப்பேற்குமாறு கேட்டால், கடைக்காரரோ வங்கி முகாமையாளரோ விரைவாக முடிவெடுக்க இயலும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களைப் பயிற்சி நாளொன்றுக்கு அழையுங்கள்: தரையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் சிறு ரோபோ வண்டி வளைவில் தடம் மாறுவதையும், மாணவி ஒருத்தி நிரலைத் திருத்தி அதை மீண்டும் ஓடவிடுவதையும் அவர்கள் நேரில் காணட்டும். அன்று விளக்கமளிக்கும் பொறுப்பை மாணவர்களிடமே விடுங்கள்.