கூடுவாஞ்சேரியில் வெட்டுக்குத்து கூடிவிட்டதா? நீங்களே கணக்கெடுக்கும் முறை

கூடுவாஞ்சேரி காவல் நிலையம் 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டக் காவல்துறையின் கீழ் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் அங்கே போனது. 2022 ஜனவரியில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கியபோது அதற்குள் வந்தது. நிலையம் ஒன்றுதான், மேலிடம் மூன்று. என்.சி.ஆர்.பி. (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) ஆண்டறிக்கையின் மாவட்ட அட்டவணையை வைத்து இந்த ஊரின் போக்கைச் சொன்னால், நிலையங்கள் கைமாறியதைக் குற்றம் ஏறி இறங்கியதாகப் படிப்பீர்கள். மாவட்டக் கணக்கை ஓரமாக வையுங்கள். நிலையக் கணக்கை எடுங்கள்.

அதற்கு வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘குற்றங்கள் கூடியுள்ளனவா?’ என்று கேட்டால் பதில் வராது. அது கருத்து, ஆவணம் அல்ல. இப்படிக் கேளுங்கள்: ‘01.01.2012 முதல் 31.12.2024 வரை கூடுவாஞ்சேரி காவல் நிலையத்தில் பதிவான (அ) கொலை, (ஆ) கொலை முயற்சி, (இ) கொடுங்காயம், (ஈ) வழிப்பறி, கூட்டுக்கொள்ளை வழக்குகளின் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக, தலைப்புவாரியாக. இக்காலத்தில் நிலைய எல்லையில் சேர்ந்த, பிரிந்த ஊர்களின் பெயர், தேதி.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எல்லையின் ஒரு பகுதி வேறு நிலையத்துக்குப் போயிருந்தால், அந்த ஆண்டில் எண்ணிக்கைக் கோடு காரணமில்லாமல் சரியும்.

பழைய பதிவுகள் இங்கே இல்லை என்றால் 6(3) பிரிவின்படி மனுவை ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். ‘விசாரணை பாதிக்கும்’ என்று 8(1)(h) காட்டி மறுத்தால், கேட்டது எண்ணிக்கை மட்டுமே என்று முதல் மேல்முறையீட்டில் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும் மேல்முறையீடுதான். அதற்கும் 30 நாள் கெடு.

வந்த தாளை அப்படியே நம்ப வேண்டாம். காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி இருக்கிறது. குற்ற எண் ஒவ்வொரு ஜனவரியிலும் 1-லிருந்து தொடங்கும் என்பதால் ஓர் ஆண்டை மட்டும் வரிசையாகத் திறந்து எண்ணிச் சரிபார்க்கலாம். இடையில் சில எண்கள் திறக்காது. பாலியல் வழக்குகள் போன்றவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லியிருக்கிறது. திறக்காத எண்ணைக் கழிக்காமல், ‘தெரியாதவை’ என்று தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

2024 ஜூலை 1-க்குப் பின் பிரிவு எண்களில் கவனம் வேண்டும். கொலை ஐ.பி.சி. (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 302-லிருந்து பி.என்.எஸ். (அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 103-க்கும், கொலை முயற்சி 307-லிருந்து 109-க்கும், ஆயுதத்தால் கொடுங்காயம் 326-லிருந்து 118(2)-க்கும், வழிப்பறி 392-லிருந்து 309(4)-க்கும் போய்விட்டன. பழைய எண்களில் பலவும் புதிய சட்டத்தில் வேறு பொருளில் உயிரோடு இருக்கின்றன. பழைய 304 கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். புதிய 304 பறிப்பு, அதாவது செயின் பறிப்பு வகையறா. எக்செலில் வெறும் ‘304’ என்று வடிகட்டினால் செயின் பறிப்பெல்லாம் சாவுக் கணக்கில் சேரும். பறிப்புக்குத் தனிப் பிரிவு வந்ததால் வழிப்பறி எண்ணிக்கை தானாகவே குறையவும் கூடும். இரண்டையும் கூட்டித்தான் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டும்.

வழக்கின் பிரிவும் நிலைத்து நிற்பதில்லை. டிசம்பர் 28-ல் வெட்டுப்பட்டவர் ஜனவரி 6-ல் ஆஸ்பத்திரியில் இறந்தால், கொலை முயற்சி வழக்கு கொலை வழக்காக ‘ஆல்டர்’ ஆகும். குற்ற எண் பழைய ஆண்டுடையது. சந்தேக மரணமாகப் பதிவாகி, பிரேதப் பரிசோதனை அறிக்கைக்குப் பின் கொலையானவையும் உண்டு. மனுவில் ‘பிரிவு மாற்றத்துக்குப் பிந்தைய நிலை’ என்று சேர்த்துவிடுங்கள். தண்டவாளத்திலும் பிளாட்பாரத்திலும் நடப்பது ரயில்வே போலீஸ் கணக்கு. பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறையில் பெரும்பகுதி மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும். இரண்டுக்கும் தனி மனு போடுங்கள். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) 2012 நவம்பரில் அமலுக்கு வந்தது, 2013-ல் பாலியல் வன்கொடுமையின் வரையறையே விரிந்தது. அந்த ஆண்டுகளில் ஏறும் கோட்டுக்குச் சட்டமும் ஒரு காரணம்.

எங்கள் அனுபவத்தில் முழுதாக நம்பத்தக்க தலைப்பு கொலை ஒன்றுதான். பிணத்தை சி.எஸ்.ஆர். (எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தரும் புகார் ரசீது) போட்டு அனுப்ப முடியாது. அடிதடியை முடியும், இன்ஸ்பெக்டர் மாறினாலே அந்த எண் மாறும். அதனால் சி.எஸ்.ஆர். எண்ணிக்கையையும் ஆண்டுவாரியாகக் கேளுங்கள். சி.எஸ்.ஆர். குறைந்து எஃப்.ஐ.ஆர். கூடியிருந்தால், கூடியது அடிதடியா, பதிவா என்று சந்தேகப்பட வேண்டும். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்து, காயப் பதிவு) பதிவேட்டில் ‘தாக்குதல்’ என்று வந்தவர்களின் எண்ணிக்கை கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி கணக்கு. நந்திவரம்-கூடுவாஞ்சேரியின் 2011 மக்கள்தொகை 44,098. ஓர் ஆண்டில் 3 கொலை என்று வையுங்கள்: லட்சத்துக்கு 6.8. ஒன்று குறைந்தால் 4.5, ஒன்று கூடினால் 9.1. ஒரே ஒரு சம்பவம் விகிதத்தை இப்படி ஆட்டுகிறது. நிலைய எல்லையில் சுற்றுக் கிராமங்களும் இருந்தால், நகரின் மக்கள்தொகையால் வகுப்பதே தப்பு. 2011-க்குப் பின் முளைத்த அடுக்குமாடிகளும் அந்த எண்ணில் இல்லை. எனவே விகிதத்தை விட்டு, எண்ணிக்கையாகவே வையுங்கள்.

சின்ன எண்ணிக்கை, சராசரியிலிருந்து அதன் வர்க்கமூலத்தின் இருமடங்கு வரை தற்செயலாகவே ஆடும். ஆண்டுக்குச் சராசரி 4 கொலை என்றால் அதன் வர்க்கமூலம் 2, இருமடங்கு 4. ஆக, 0 முதல் 8 வரை எது வந்தாலும் ஏறக்குறைய தற்செயல்தான். ‘2 நாலாச்சு, நூறு சதவீத உயர்வு’ என்பது தலைப்புச் செய்திக்குத்தான் உதவும். ஐந்தைந்து ஆண்டாகக் கூட்டுங்கள். முதல் ஐந்தாண்டில் 15, அடுத்ததில் 22 என்றால் வித்தியாசம் 7. இரண்டின் கூட்டுத்தொகை 37, அதன் வர்க்கமூலம் சுமார் 6, இருமடங்கு 12. ஏழு அதற்குள் அடங்குவதால் ‘கூடியது’ என்று சொல்ல முடியாது. 15-க்குப் பின் 30 வந்தால் வித்தியாசம் 15, எல்லை 13, அப்போது சொல்லலாம்.

வரைபடத்தில் 2019 நவம்பர், 2022 ஜனவரி, 2024 ஜூலை ஆகிய மூன்று இடங்களிலும் நெடுக்குக் கோடு போட்டு, என்ன மாறியது என்று கோட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். அடிக்குறிப்பில் போட்டால் வாட்ஸ்அப்பில் படத்தை வெட்டி அனுப்பும்போது அது போய்விடும்.