புது சபையில் சிநேகிதம் பிடிக்க அரிவாள்மனையோடு போங்கள்

என் கணவருக்கு மாற்றலாகிச் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தபோது இங்குள்ள கிறிஸ்தவ சபையில் ஒருவரையும் தெரியாது. ஒரு வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆசீர்வாதம் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். அவ்வளவுதான்.

நீங்களும் புதிதாக வந்தவர் என்றால், ஊசிக்கோபுரம் என்று இங்கே சொல்கிற பேராலயம் மாதிரிப் பெரிய கோயிலில் ஞாயிறு காலை ஆராதனையை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கூட்டத்தில் யார் புதியவர் என்று யார் கண்டார்கள்? உங்கள் தெருப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டம் எந்தக் கிழமை என்று கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாத வீடு கிடையாது.

எனக்கு வழி பிறந்தது அசனத்துக்கு முந்தின ராத்திரிதான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அசனம் என்பது பண்டிகையில் சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பொதுப்பந்தி. மதியம் சாப்பிட மட்டும் போனால் இலை கிடைக்கும், ஆள் கிடைக்காது. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கே போய்விடுங்கள். சொந்த அரிவாள்மனை கொண்டுபோங்கள். அதில் ஒரு சிவப்பு நூல் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வராது.

கோயிலுக்குப் பின்னால் பாய் விரித்துக் கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். நான் நறுக்கியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த அக்கா, "இது மெட்ராஸ் வெட்டு, அண்டாவுல கரைஞ்சுபோயிரும். நாலாப் பொளந்து போடு" என்றார். இரண்டு மணிவரை கண்ணில் நீர் வடிய வெங்காயம் உரித்தோம். கை வேலையில் இருந்தால் வாய் தானாகப் பேசும். மகனுக்குப் படிப்பு ஏறாத கவலையை அவர் சொன்னார், மாமியாரோடு எனக்கிருந்த பிணக்கை நான் சொன்னேன். வெங்காயம் என்பதால் யார் எதற்கு அழுதோம் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம், அறுப்பின் பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலை ஏலம் விடுவார்கள், அதில் ஒரு பூசணிக்காயாவது எடுங்கள். விலை பார்க்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. முன்பிருந்த ஒரு சபையில் எங்கள் கடனைப் பற்றி ஒருவரிடம் ரகசியமாகச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை அது எல்லோரும் ஜெபிக்க வேண்டிய ஜெபக்குறிப்பாக மைக்கில் வந்தது! அதனால் முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்தும் அது சுற்றி வந்து உங்கள் காதில் விழவில்லையென்றால் அடுத்ததைச் சொல்லலாம்.

யாராவது படுத்திருந்தால் அரைமணி நேர ஜெபத்தோடு போய் நிற்காதீர்கள். என் கணவர் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது வெங்காய அக்கா தூக்குச்சட்டியில் இட்லியோடு வந்தார், என் மகளுக்குத் தலை பின்னிப் பள்ளியில் விட்டார். வாசலில் நின்றபடியே இரண்டு வரியில் ஜெபித்தார். "ஆமென். சட்டிய நாளைக்கு வாங்கிக்கிடுதேன்" என்று போய்விட்டார்.