மைவி கார் சீட்டுக்கு ஹீட்டர் மாட்டுவது எப்படி? கேமரன் மலைக்காரர்களுக்கான செய்முறை

கார் சீட்டுக்கு ஹீட்டர் மாட்டப் போகிறேன் என்று மலைக்குக் கீழே தாப்பாவிலோ ஈப்போவிலோ இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வெயிலில் கொதிக்கிற சீட்டில் துண்டு விரித்து உட்காருகிறவர்கள் அவர்கள். மலை மேல் ரிங்லெட், தானா ராத்தா பக்கம் விடியற்காலையில் வண்டி எடுக்கிறவர்களின் கதையே வேறு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். ராத்திரி முழுக்க லயத்துக்கு வெளியே பனியில் நின்ற காரில், 16 டிகிரிக் குளிரில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். காரில் வழக்கமான ஹீட்டர் இருந்தாலும் அது எஞ்சின் சூடான பிறகுதான் வேலை செய்யும். சீட் ஹீட்டர் இரண்டு மூன்று நிமிடத்தில் தெரிய ஆரம்பிக்கும்.

எப்போதாவது மலைக்கு வந்து போகிறவர்களுக்கு இந்த வேலை வேண்டாம். லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற சூடு மெத்தை கடையில் கிடைக்கிறது, அது போதும். தினமும் ஓட்டுகிறவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

உங்கள் வண்டிக்கு ஆகுமா?

முன் சீட்டின் கதவுப் பக்க ஓரத்தைப் பாருங்கள். 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று சின்னத் துணி லேபிள் தைத்திருந்தால் அந்த சீட்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. ஏர்பேக் வெடித்து வெளியே வருவதற்கென்றே அந்த இடத்துத் தையலைத் தனியாகப் போட்டிருப்பார்கள். அந்த உறையை வீட்டில் பிரிக்காதீர்கள். பயணி சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதை எடையை வைத்து அறியும் சென்சார் இருந்தாலும் அப்படித்தான்: மேலே சூடேற்றும் பேட் ஒன்று வந்தால் அதன் கணக்கு தப்பலாம். இப்படிப்பட்ட வண்டியை ஏர்பேக் வேலை தெரிந்த இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

தொழில் பழக ஏற்றது துணி உறை உள்ள பழைய வண்டி. 2005-ல் வந்த முதல் மைவி போன்றவற்றின் சீட்டில் பக்கவாட்டு ஏர்பேக் தொல்லை கிடையாது. அசல் தோல் உறை என்றால் குஷன் கடைக்காரரிடம் விட்டுவிடுவதுதான் என் யோசனை. பழைய தோலை இழுத்து மாட்டும்போது கிழிந்தால், மிச்சம் பிடித்த காசு அதற்கே போய்விடும். துணிக்கு மேல் பிவிசி கவர் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள்.

நம் ஊர்ப் பழைய லேண்ட் ரோவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1960-களில் வந்த பலவற்றில் பேட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பட்டாளத்திலிருந்து வந்தவற்றில் 24 வோல்ட்டும் உண்டு. கீழே சொல்லப்போகும் ஒயரிங் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்த) வண்டிகளுக்கு மட்டும்.

என்னென்ன வேண்டும்

செட்டாக வாங்கினால் ஒரு சீட்டுக்கு இரண்டு பேட் (முதுகுக்கு ஒன்று, உட்காருமிடத்துக்கு ஒன்று), சுவிட்ச், ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் பெட்டி), ஃபியூஸ், ஒயர் எல்லாம் சேர்ந்தே வரும். கார்பன் ஃபைபர் பேடும் உண்டு, உள்ளே கம்பி ஓடுகிற பேடும் உண்டு. நான் கார்பனைத்தான் சொல்வேன். சூடு ஒரே சீராகப் பரவும், மடங்கி மடங்கிக் கம்பி அறுந்துபோகிற பிரச்சினையும் குறைவு. சூடு அளவு மீறாமல் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத செட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கையில் மல்டிமீட்டர், சாக்கெட் ஸ்பெனர் செட், கட்டிங் பிளேயர், கேபிள் டை, வளைந்து கொடுக்கும் ஒயர் குழாய் இருக்கட்டும். கூடவே ஒரு பழைய போர்வை. அது எதற்கென்று சீட்டைத் தரையில் சாய்க்கும்போது தெரியும்.

சீட்டைக் கழற்றுதல்

சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளையும், முன்னால் தள்ளிப் பின் போல்ட்டுகளையும் இளக்கிக்கொள்ளுங்கள். பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டியில் தேங்கிய மின்சாரம் இறங்கட்டும். அப்புறம் சீட்டை லேசாகச் சாய்த்து அடியில் பாருங்கள். பெல்ட் எச்சரிக்கை விளக்குக்கான சாக்கெட் இருந்தால் கழற்றலாம். மஞ்சள் நிறத்தில் சாக்கெட் தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட்டை இழுக்கும் வெடிமருந்துக்கான இணைப்பு. அதில் மல்டிமீட்டர் முனையைத் தப்பித் தவறியும் வைக்காதீர்கள். அதைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு ஃபோர்மேனை (மெக்கானிக்கை) கூப்பிடுங்கள்.

சீட் வெளியே இருக்கும்போது பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்ப வேண்டாம். ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தால் அதை அணைக்க ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும்.

உறையைப் பிரித்தல்

புதியவர்கள் பயப்படுவது ஒயரிங்குக்கு. உண்மையில் பொறுமையைச் சோதிப்பது இந்த உறைதான்.

சீட்டைப் போர்வை மேல் கவிழ்த்துப் போடுங்கள். உறையின் ஓரத்தில் தைத்த நீளமான பிளாஸ்டிக் கொக்கி இரும்புச் சட்டத்தில் மாட்டியிருக்கும். ஸ்பாஞ்சைக் கையால் அழுத்தினால் உறை தளர்ந்து கொக்கி கழன்று வரும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும்.

ஓரம் கழன்ற பிறகும் உறை முழுசாக வராது. உட்காரும் பகுதியின் நடுவில் இரண்டு பள்ளங்கள் தெரிகின்றனவா? அந்தப் பள்ளத்துக்குள் உறையை ஸ்பாஞ்சோடு சேர்த்து இழுத்துப் பிடித்திருப்பவை சின்னச் சின்னக் கம்பி வளையங்கள். எந்த வளையம் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வெட்டிய துண்டுகளை எண்ணிப் பொறுக்கி ஒரு டப்பாவில் போடுங்கள். கூரான ஒரு துண்டு ஸ்பாஞ்சில் தங்கினால் பின்னாளில் பேடைக் குத்தும்.

உறையை முழுதாக உருவி எடுக்க வேண்டியதில்லை. பேட் உள்ளே போகும் அளவுக்கு முன்பக்கத்திலிருந்து சுருட்டினால் போதும்.

பேடை ஒட்டுதல்

ஒட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை ஓமில் வைத்து பேடின் இரண்டு முனைகளையும் அளந்து பாருங்கள். 24 வாட் பேட் என்றால் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், ஆகவே 6 ஓம் பக்கம் காட்ட வேண்டும். எண்ணே வராவிட்டால் பேட் உள்ளே அறுந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒட்டிய பேடைப் பிய்த்தால் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

உடம்பு படுகிற நடுப்பகுதியில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு அடுக்கின் சூடு இன்னொன்றின் மேல் சேர்ந்து அங்கே மட்டும் எரியும். பக்கவாட்டு மேடுகளில் ஏற்ற வேண்டாம். ஏறி இறங்கும்போது முழு எடையும் விழுகிற இடம் அது. பேட் பள்ளத்தைக் கடந்து போகிறது என்றால், வளையம் வரும் இடத்தில் சூடாகும் பகுதி இல்லாதபடி வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வகைப் பேடில் கத்தரியே படக் கூடாது. கார்பன் பேடை வெட்டலாமா, எந்தக் கோட்டில் என்று கூடவே வரும் தாளில் இருக்கும். தாளில் இல்லையென்றால் வெட்ட வேண்டாம். ஓரமாக நீளத்துக்கு ஓடும் செப்புப் பட்டையை எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது.

உறையை மூடுவதற்கு முன் தனி 12 வோல்ட் பேட்டரி ஒன்றில், ஃபியூஸ் வழியாக, பேடை ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கையால் தடவிப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி சூடாக வேண்டும். சரி என்றால் மூடலாம்.

மூடும்போது புது வளையங்களும் அதற்கான பிளேயரும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பள்ளத்துக் கம்பியைக் கேபிள் டையால் கட்டிவிடலாம், பல குஷன் கடைகளிலேயே அதுதான் நடக்கிறது. டையின் தலை கீழே பார்த்தபடி இருக்கட்டும், மேலே இருந்தால் தொடையில் உறுத்தும்.

ஒயரிங்

இரண்டு பேடும் சேர்ந்து 48 வாட் என்றால் ஒரு சீட்டுக்கு 4 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்கு ஏறும், அதனால் 5 ஆம்பியருக்குச் சற்றுக் கீழே வரை போகும். இரண்டு சீட் என்றால் கிட்டத்தட்ட 10. இவ்வளவையும் ரேடியோவின் ஒயரிலிருந்து திருடக் கூடாது.

பேட்டரி பாஸிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை நேராக இழுங்கள். ஒரு சீட்டுக்கு 10, இரண்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ். செட்டோடு வந்த ஒயர் மெல்லிசாக இருந்தால் அதன் தாளில் போட்டிருக்கும் ஃபியூஸுக்கு மேல் போகாதீர்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது பேடை அல்ல, ஒயரை. சீட்டுக்கு அடியில் ஃபியூஸை வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் ஒயர் எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இருக்காது, ஒயரே பழுத்து எரியும்.

ரிலேயில் நான்கு கால், நான்கு எண். ஃபியூஸிலிருந்து வரும் ஒயர் 30-க்கு. 87-லிருந்து சீட்டின் சுவிட்சுக்கு. 85 பாடிக்கு. 86, சாவியை 'ஆன்' செய்தால் மட்டும் மின்சாரம் வருகிற ஒயருக்கு. அந்த ஒயரை, சீட்டைக் கழற்றுவதற்கு முன்பே, ஃபியூஸ் பெட்டியில் மல்டிமீட்டரால் தேடி வைத்துக்கொள்ளுங்கள்: சாவி ஆஃபில் 0, ஆனில் 12 காட்ட வேண்டும். இப்படிச் செய்தால் சாவியை எடுத்ததும் சீட்டும் அணையும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்காது.

எர்த்துக்கு சீட் போல்ட்டையோ பெல்ட் போல்ட்டையோ பயன்படுத்தாதீர்கள். உயிரைக் காக்கிற போல்ட்டுக்கு அடியில் ஒயர் முனை வரக் கூடாது. வேறு ஒரு பாடி போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். மலையில் ஈரம் அதிகம், சுரண்டிய இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு ஏறாது.

ஒயரைக் குழாய்க்குள் விட்டுக் கார்பெட்டுக்கு அடியில் கொண்டு வாருங்கள். சீட் முழுக்க முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும். ஆனால் சீட் நகரும் தண்டவாளத்தில் சிக்கும் அளவுக்குத் தொங்கக் கூடாது.

சீட்டை வைக்கும்போது நான்கு போல்ட்டையும் முதலில் கையால் திருகிப் பிடிக்கவிட்டு, பிறகு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பழைய சாக்கெட்டுகளை எல்லாம் மாட்டிய பிறகுதான் பேட்டரி.

மாட்டிய பிறகு

44 டிகிரிச் சூடு கைக்கு இதமாகத்தான் தெரியும். அதே சூடு பல மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது வெந்ததே தெரியாது. அப்படிப்பட்ட அப்பாவோ பெரியம்மாவோ உட்காரும் சீட் என்றால் சுவிட்சை ஓட்டுநர் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சூடு ஏறியதும் அணைத்துவிடுங்கள். குழந்தை இருக்கை வைக்கும் சீட்டில் போடவே வேண்டாம்.

பின் சீட்டில் கோஸ் மூட்டை எடுக்க முன் சீட்டில் முழங்காலை ஊன்றி எட்டுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பேட் அறுந்து போவது பெரும்பாலும் இப்படித்தான்.

சுவிட்ச் விளக்கு எரிந்தும் சீட் சூடாகவில்லை என்றால் முதலில் அடியில் இருக்கும் சாக்கெட்டைப் பாருங்கள், சீட்டை நகர்த்தும்போது கழன்றிருக்கலாம். முதுகு சூடாகி அடிப்பக்கம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தப் பேடை ஓமில் அளந்து பாருங்கள். ஃபியூஸ் போனால் அதே அளவில் ஒன்று மாற்றிப் பார்க்கலாம். அதுவும் போனால் எங்கோ ஒயர் உரசுகிறது, தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.