பேரனோடு வீட்டுப்பாடத்துக்கு உட்காரும்முன்

பேரன் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. மகளும் மருமகனும் வேலை முடிந்து வர இரவு எட்டாகிவிடும். அதனால் வீட்டுப்பாடம் என் பொறுப்பு. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1975இல். சிலேட்டு, பலப்பம், அழிக்கக் கோவை இலை. அந்தக் காலத்துப் பழக்கத்திலேயே சொல்லிக்கொடுத்து இரண்டு மாதம் அவனைக் குழப்பிவிட்டேன். என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையெழுத்தைப் பாருங்கள். ஒருநாள் 'யானை' என்று எழுதிக் காட்டினேன். "பாட்டி, இது என்ன எழுத்து?" என்று கடைசி எழுத்தில் விரலை வைத்தான். நாம் படித்தபோது ணை, லை, ளை, னை நான்குக்கும் தலையிலேயே தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னாவுக்குத் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்து சுழியும். 1978 சீர்திருத்தத்தில் இவை மாறிவிட்டன. பழகிய கை அப்படியே எழுதும். நோட்டில் எழுதிக் காட்டும்போது இந்த எழுத்துகளில் மட்டும் நிதானியுங்கள்.

ரேங்க் கேட்காதீர்கள். 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருக்கின்றன. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று டீச்சரிடம் கேட்டு, அதை ஒட்டியே வீட்டில் படிக்க வையுங்கள்.

அப்புறம், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று நம் அப்பாக்கள் வாத்தியாரிடம் சொன்னதை நாம் சொல்லவே கூடாது. 2010இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் அடிப்பதைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம். பிரம்புக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட நாட்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கணக்குதான் ரொம்பப் பொறுமை கேட்கும். 43இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்றேன். "வாங்கினா திருப்பிக் கொடுக்கணும்ல பாட்டி?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. "சரி, உனக்குத் தெரிந்தபடி காட்டு" என்றேன்.

ஈர்க்குச்சிகளைக் கொண்டுவந்தான். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட நான்கு கட்டு, தனியாக மூன்று. ஏழு எடுக்க மூன்று போதாதே; ஒரு கட்டை அவிழ்த்தான். பதின்மூன்றில் ஏழு போக ஆறு. மிச்சமிருந்த மூன்று கட்டில் ஒன்றைத் தள்ளி வைத்தான். இரண்டு கட்டும் ஆறு குச்சியும், 26. அத்தனை வருஷம் நான் மனப்பாடமாகப் போட்ட கழித்தல் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆகவே தப்பு என்று சொல்லும்முன் "எப்படிப் போட்டாய்?" என்று கேளுங்கள். வாய்ப்பாட்டை விட வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் வாய்ப்பாட்டுக்குப் புளியங்கொட்டையை மும்மூன்றாகக் குவித்துப் பார்த்த பிறகு ஒப்பிக்கச் சொல்லுங்கள். பழைய துடைப்பத்திலிருந்து நூறு ஈர்க்கு உருவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, நுனி குத்தாமல் தேய்த்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கட்டுக் கட்டுவதைப் பிள்ளையிடமே விடுங்கள். ஒன்பதோடு ரப்பர் பேண்டு போட்டுவிட்டாலும் உடனே சொல்லாதீர்கள், கழிக்கும்போது அவனே கண்டுபிடிப்பான்.