கஃபே ரேசருக்கு மாற்று டேங்க்: அடிப்பக்கம் பார்க்காமல் வாங்குவதால் நேரும் தவறுகள்

கஃபே ரேசர், அதாவது பழைய பந்தய வண்டியின் சாயலில் மாற்றியமைத்த மோட்டார் சைக்கிள், கட்ட நினைப்பவர்களில் பலர் பெட்ரோல் டேங்கை ஒரே ஒரு படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் படம் பக்கவாட்டில் எடுக்கப்பட்டிருக்கும். நீண்ட மேல்கோடும், முழங்காலுக்கென்று உள்வாங்கிய பள்ளமும், பளபளக்கும் மூடியும் அதில் தெரியும். அடிப்பக்கம் மட்டும் தெரியாது. ஃப்ரேமின் மேல் டேங்க் உட்காருமா, பெட்ரோல் கடைசிச் சொட்டுவரை இறங்குமா, ஹேண்டில் தட்டாமல் திரும்புமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இருப்பதோ அந்த அடிப்பக்கத்தில்தான். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது டேங்கைக் கவிழ்த்து வைத்து எடுத்த படம்; அதைத் தரத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற விளம்பரத்தை நம்புவதே முதல் தவறு. 1960களில் பிரிட்டனில் இந்தப் பாணி வளர்ந்தபோது பலரும் விரும்பிய டேங்குகள் நார்ட்டன் மேங்க்ஸ் பந்தய வண்டியின் சாயலில் இருந்தன. நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃப்ரேமில் மேலே இரண்டு குழாய்கள் இணையாக ஓடும். டேங்க் அவற்றின் மேல் மெத்தையில் தலையணை வைத்தாற்போல் படுத்திருக்கும், மேலிருந்து ஒரு பட்டை அதை இறுக்கிப் பிடிக்கும். இன்று கஃபே ரேசராக மாறும் ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் நடுவே முதுகெலும்பு போல் ஓடும் குழாயின் இருபுறமும் கால் தொங்கப்போட்டு உட்கார்வதுபோல் டேங்க் அமர வேண்டும். அதற்கு அடியில் ஆழமான குழிவு தேவை. தட்டையான அடி கொண்ட மேங்க்ஸ் பாணி டேங்கை அப்படிப்பட்ட ஃப்ரேமில் வைத்தால் அது தொப்பி போல மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். எந்தக் கோட்டுக்காக அதை வாங்கினோமோ அந்தக் கோடே கெட்டுவிடும்.

அடிக்குழிவை அளக்கும்போது ஃப்ரேம் குழாயின் விட்டத்தை மட்டும் அளந்து திருப்தி அடைவதும் பரவலான பிழை. குழாய் ஒடுங்கியதாக இருக்கலாம். ஆனால் ஹேண்டில் தலைக்குப் பக்கத்தில் அதை வலுப்படுத்தும் தகடுகளும், இக்னிஷன் காயிலும், வயரிங் கட்டும், ஆக்சிலேட்டர் கேபிளும் சேர்ந்து அந்த இடத்தை இரண்டு மடங்கு அகலமாக்கியிருக்கும். முன்புறம், நடு, பின்புறம் என்று மூன்று இடங்களில் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அந்த அளவுக்கு அட்டையை வெட்டி, வாங்கப்போகும் டேங்கின் குழிவுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். 'பொருந்தாவிட்டால் அகலப்படுத்திக்கொள்ளலாம்' என்று சொல்பவர்கள் கணக்குப் போடுவதில்லை: 45 செ.மீ. நீளமும் 12 செ.மீ. ஆழமும் உள்ள குழிவை 2 செ.மீ. அகலப்படுத்தினாலே ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளளவு போய்விடுகிறது. எட்டு லிட்டர் டேங்கில் அது சின்ன இழப்பு அல்ல.

அடுத்தது ஹேண்டில். பழைய உயரமான ஹேண்டிலோடு டேங்கைப் பொருத்திப் பார்த்துவிட்டு, பிறகு கிளிப்-ஆன் எனப்படும் தாழ்வான, இரண்டு துண்டாக வரும் ஹேண்டிலைப் போடுபவர்கள் ஏராளம். கிளிப்-ஆன் ஃபோர்க் குழாயிலேயே தாழ்வாகப் பிடிக்கப்படுவதால், ஹேண்டிலை ஒருபுறமாக முட்டும்வரை திருப்பினால் கைப்பிடி நேராக டேங்கின் தோளை நோக்கி வரும். இதை வெறும் கையோடு, நின்ற வண்டியில் பார்ப்பது போதாது. கையுறை போட்டுக்கொண்டு, ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். குறுகலான இடத்தில் வண்டியைத் திருப்பும்போது கட்டைவிரல் கைப்பிடிக்கும் டேங்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை விடவும் முடியாது, ஹேண்டிலை நேராக்கவும் தோன்றாது. குறைந்தது இரண்டு விரல் அகலமாவது இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாதபோது ஹேண்டில் முட்டுக்கட்டையில் உலோகத் துண்டை ஒட்ட வைத்துத் திருப்பத்தையே குறைத்துவிடும் குறுக்குவழியும் உண்டு. வண்டி பிறகு ஒரு தெருவின் அகலத்துக்குள் திரும்பாது. அந்தக் காலத்துப் பந்தய டேங்குகளின் முன்தோள்களில் தெரியும் பள்ளங்களை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை கைப்பிடிக்கும் விரல்களுக்கும் இடம்விடத் தட்டப்பட்டவை.

டேங்கை ஃப்ரேமோடு இறுக்கமாகப் போல்ட் போட்டு முடுக்குவதும் தவறு. வண்டி நிறுவனங்கள் முன்னால் இரண்டு ரப்பர் உருளைகளையும் பின்னால் ரப்பர் வளையம் வைத்த ஒற்றைப் பிடிப்பையும் கொடுப்பது செலவு அதிகமாகட்டும் என்பதற்காக அல்ல. டேங்கின் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் தடித்தது; பன்னிரண்டு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய ஒன்பது கிலோ எடை. அந்த எடை என்ஜின் அதிர்வோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான முறை ஆடும்போது, ரப்பர் இல்லாத பிடிப்பு நகரவே முடியாமல் பக்கத்திலுள்ள தகட்டைக் கிழிக்கிறது. வெடிப்பு பெரும்பாலும் பிடிப்பை வெல்டிங் செய்த இடத்தின் ஓரத்தில் மயிரிழையாகத் தொடங்கும்; முதலில் பெட்ரோல் வாசனை வரும், பிறகு பெயிண்ட் குமிழும், அதன் பிறகுதான் ஈரம் தெரியும். பொருத்திய டேங்கைக் கையால் ஆட்டினால் கொஞ்சம் அசைந்துகொடுக்க வேண்டும். அலுமினிய டேங்குக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அலுமினியம் அதிர்வில் இரும்பைவிட விரைவாகக் களைத்துப்போகும்.

பெட்ரோல் இறங்கும் வழியைப் பற்றி வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. நடுவில் குழிவு இருப்பதால் டேங்கின் அடி இரண்டு தொங்கும் பைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரே பக்கத்தில் மட்டும் பெட்ரோல் காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) இருந்தால், மட்டம் குழிவின் உச்சிக்குக் கீழே இறங்கியபின் மறுபக்கத்துப் பெட்ரோல் அங்கேயே தங்கிவிடும். சில வண்டிகளில் இரண்டு பைகளையும் ஒரு சிறு குழாய் இணைப்பது இதற்காகவே; மாற்று டேங்கில் அதற்கான முனை இல்லையென்றால் எட்டு லிட்டர் என்று எழுதியிருந்தாலும் கையில் கிடைப்பது ஆறோ ஏழோதான். இன்னொன்று உயரம்: பம்ப் இல்லாத வண்டியில் பெட்ரோல் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. டேங்கின் வெளியேற்று முனை கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். அழகுக்காக டேங்கின் பின்முனையைத் தாழ்த்தினால், ரிசர்வில் ஓடும்போது ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் திணறும்.

காக் மாட்டும் மரையில் நடக்கும் குழப்பம் தனி. பிரிட்டிஷ் டேங்குகளில் பெரும்பாலும் கால் அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரைத் தரம்) மரை இருக்கும், அமெரிக்கப் பாகங்களில் அதே பெயரளவில் என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரைத் தரம்) மரை வரும். முதலாவதில் அங்குலத்துக்கு 19 சுற்று, மரையின் கோணம் 55 பாகை. இரண்டாவதில் 18 சுற்று, 60 பாகை. ஒன்றில் மற்றதை மாட்டினால் இரண்டு சுற்று சுலபமாக ஏறும், 'சரியாகத்தான் இருக்கிறது' என்று தோன்றும், அதன்பின் இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் டேங்கின் மரை போய்விடும், காட்டாவிட்டால் ஒழுகும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி அடைக்கப் பார்ப்பவர்கள், அதன் இழைகள் பிய்ந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும்போதுதான் வருந்துகிறார்கள். ஜப்பானிய டேங்குகளில் பல இரண்டு போல்ட் வைத்துப் பிடிக்கும் தட்டை முகப்பு கொண்டவை. அங்கே அளக்க வேண்டியது இரண்டு போல்ட்டுகளின் மையங்களுக்கு இடையிலான தூரம். என்ஜினின் உறிஞ்சலால் திறக்கும் காக் என்றால், கார்புரேட்டரையும் மாற்றுபவர்கள் அந்த உறிஞ்சுகுழாய்க்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இணைக்காமல் விட்டால் காக் திறக்காது.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் கார்புரேட்டர் காலத்து டேங்கை நினைத்தே பார்க்காதீர்கள். பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கும், பல வண்டிகளில் சுமார் 3 பார் அழுத்தம் கொடுக்கும், அதன் அடித்தட்டுக்கு ஏற்ற வளையம் டேங்கின் அடியில் துல்லியமாக இருக்க வேண்டும். வெளியே தனிப் பம்ப் வைத்தும் செய்கிறார்கள். ஆனால் அதற்கு வடிகட்டியும், அழுத்தக் கட்டுப்பாடும், டேங்குக்குத் திரும்பும் குழாய்க்கான முனையும் வேண்டும். வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்காமல் இருக்கத் தடுப்புத் தகடும் தேவை. இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், பழைய டேங்கை வைத்துக்கொண்டு அதன் வெளித்தகட்டை மட்டும் மாற்றி வடிவமைப்பது மலிவாக முடியலாம்.

மூடி விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். அழகான, தட்டையான, பந்தய வண்டிக்குரிய மூடி ஒன்று. வீட்டைவிட்டுக் கிளம்பினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு வண்டி தங்கமாக ஓடும்; பிறகு மூச்சு வாங்கி நிற்கும். ஓரமாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, மாட்டி உதைத்தால் ஓடும். ஆகவே பிளக்கைச் சந்தேகித்தேன், காயிலைச் சந்தேகித்தேன், கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்தேன். கடைசியில் ஒருநாள் நின்ற இடத்திலேயே எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்தபோது 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியில் காற்றுத் துளையே இல்லை. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டத்தை நிறுத்திவிட்டது; நான் பிளக்கைத் துடைத்த நேரத்தில் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய்க் காரியத்தை மறைத்தும் விட்டது. துளை இருந்தாலும் அதற்குள் வண்டி சாய்ந்தால் அடைக்கும் வால்வு உண்டா என்று கேளுங்கள். இல்லையேல் கீழே விழுந்த வண்டியின் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் வடியும்.

கொள்ளளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வண்டி தரும் மைலேஜை டேங்கில் உண்மையில் இறங்கும் லிட்டரால் பெருக்கி, வரும் தூரம் உங்கள் பயணத்துக்குப் போதுமா என்று பாருங்கள். நீளத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: நீண்ட டேங்க் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளும், கிளிப்-ஆன் கையை முன்னுக்கு இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் உயரம் குறைந்தவர் டேங்கின் மேல் படுத்துத்தான் ஓட்ட வேண்டிவரும்.

டேங்க் எதனால் செய்யப்பட்டது என்பதில் ஃபைபர் கிளாஸ் பற்றி மட்டும் நான் கடுமையாகவே பேசுவேன். எத்தனால் கலந்த பெட்ரோல், அந்த இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் பழைய பாலியெஸ்டர் பிசினை மெல்ல இளக்குகிறது. உட்புறம் பிசுபிசுப்பாகி, கரைந்த பிசின் பெட்ரோலோடு போய் என்ஜினின் உள்வாங்கு வால்வுத் தண்டில் அரக்குப் போல ஒட்டிக்கொள்கிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த அசல் டேங்க் ஒன்று கிடைத்தால் அதைச் சுவரில் மாட்டலாம். புதிதாகச் செய்தது என்றால், எந்தப் பிசின், எத்தனால் கலவை எவ்வளவு தாங்கும் என்பதைச் செய்தவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பழைய இரும்பு டேங்க் வாங்கும்போது ஒரு காந்தமும் ஒரு சிறு டார்ச்சும் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மேற்பரப்பு முழுவதும் நகர்த்தினால், பட்டி பூசி நிரப்பிய இடங்களில் பிடி தளர்வது விரலுக்கே தெரியும். டார்ச்சை மூடித் துளைவழியே அடித்து அடிமடிப்பைப் பாருங்கள். தண்ணீர் தங்குவது அங்கேதான், துருவும் அங்கிருந்தே தொடங்கும். மேல்துரு என்றால் நீக்கிவிடலாம். உள்ளே வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பூச்சு தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள்: யாரோ ஓட்டையை மறைக்க உட்பூச்சு ஊற்றியிருக்கலாம், அது உரிந்து தோல்தோலாக வந்து காக்கின் சல்லடையை மூடும். பழைய பூச்சின் மேல் புதியதை ஊற்றுவது பயனற்ற வேலை. பழையது விடும்போது புதியதையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஓட்டை இருக்கிறது, பிடிப்பை நகர்த்த வேண்டும், குழிவை அகலப்படுத்த வேண்டும் என்று எந்தக் காரணத்துக்காக வெல்டிங் செய்வதானாலும், பெட்ரோல் பார்த்த டேங்கை அப்படியே நெருப்பிடம் கொண்டுபோகாதீர்கள். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 சதவீதம்வரை இருந்தால் பற்றிக்கொள்ளும். நிரம்பிய டேங்கைவிடப் பல மாதமாகக் காலியாகக் கிடக்கும் டேங்க் இந்த வகையில் மோசமானது, ஏனென்றால் மடிப்பில் ஊறியிருப்பது சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும். கழுவி, மந்த வாயுவால் (எரியாத வாயுவால்) நிரப்பி இந்த வேலையைச் செய்து பழகியவரிடம் கொடுங்கள். வேலை முடிந்து வந்ததும் துளைகளை அடைத்து, சோப்பு நுரை பூசி, 0.2 பாருக்கு மேல் போகாமல் காற்றடித்துப் பாருங்கள். டயருக்கு அடிப்பதுபோல் அடித்தால் கசிவு தெரிவதற்கு முன் டேங்கின் பக்கங்கள் உப்பிவிடும், குழிவின் சுவர்களும் ஒன்றையொன்று நோக்கித் தள்ளப்பட்டு நீங்கள் அட்டை வைத்து அளந்த அளவு பொய்யாகிவிடும்.

பெயிண்ட் அடிப்பதை இத்தனைக்கும் பிறகு வையுங்கள். வெறும் தகடாகவே டேங்கைப் பொருத்தி, பெட்ரோல் ஊற்றி, இரண்டு வாரமாவது ஓட்டி, காக்கின் அடியிலும் பிடிப்புகளின் ஓரத்திலும் அடிமடிப்பிலும் தினமும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இருக்கையின் அடிக்கோடும் டேங்கின் அடிக்கோடும் ஒரே நேர்க்கோட்டில் வருகின்றனவா என்பதும் ஓட்டியபின், ரப்பர்கள் அமுங்கி உட்கார்ந்தபின்தான் சரியாகத் தெரியும். பின்பிடிப்பின் அடியில் ஒரு வாஷர் கூட்டவோ குறைக்கவோ அதுவே நேரம்; பிறகு டேங்கைக் கழற்றிப் பெயிண்டருக்கு அனுப்பலாம், பெட்ரோல் பட்டால் மங்காத கெட்டிப்பான் கலந்த மேல்பூச்சு வேண்டும் என்று சொல்லி.