மேடையில் புராஜெக்டைச் சொல்லப் போகிறீர்களா?

ஊர் இளைஞர்களுக்கு வேலை தேட உதவும் உங்கள் புராஜெக்டை, ‘2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் நோக்கம்...’ என்று ஆரம்பித்தால் கூட்டம் போனை எடுத்துவிடும். ஐடிஐ முடித்த ஒருவரின் பயோடேட்டாவை, நீங்கள் திருத்துவதற்கு முன்னும் பின்னும் திரையில் காட்டுங்கள். (பெயரையும் நம்பரையும் மறைத்துவிடுங்கள்.) ‘ஃபிட்டர்’ என்று மட்டும் இருந்த இடத்தில் ‘லேத், வெல்டிங் தெரியும், ஓராண்டு அப்ரெண்டிஸ்’ என்று வந்திருப்பதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

முதல் இரண்டு வரி மனப்பாடமாக இருந்தால் போதும். முழுசாக உருப்போட்டால் ஒரு சொல் விட்டாலும் தடுமாறும்.

அப்புறம், ஒத்திகையை நண்பர்கள் முன் வைக்காதீர்கள், சும்மா கைதட்டிவிடுவார்கள். கேன்டீன் அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள். ‘இதுல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது?’ என்று கேட்பார். மேடையிலும் அனேகமாக முதல் கேள்வி அதுதான்.