ரயில் நேரம் தெரியும், சட்டை மாட்டத் தெரியாது

குடியாத்தத்திலிருந்து பயிற்சிக்கு வரும், ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு வயது 11. காட்பாடி ஜங்ஷனுக்கு எந்த ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் டக்கென்று சொல்வான். சட்டை மாட்டிவிடுவதும் சோறு பிசைந்து ஊட்டுவதும் இன்னும் அம்மாதான். "மூளை நல்லா வேலை செய்யுது சார், இதெல்லாம் தானா வந்துடும்" என்றார் அவர்.

ஆட்டிசக் குழந்தைகளின் வீடுகளில் நான் அதிகம் கேட்கும் தவறு இந்தத் 'தானா வந்துடும்'. படிப்பில் கெட்டியான பிள்ளைகளிலும் பலருக்கு அன்றாடத் திறன் பல வருடம் பின்தங்கி நிற்கும். அதனால்தான் அன்றாடத் திறனை அளக்கும் வைன்லேண்ட் போன்ற மதிப்பீட்டில், பிள்ளை யாரும் உதவாமல் வழக்கமாக என்ன செய்கிறது என்று கேட்கிறார்கள். போன பொங்கலன்று ஒரே ஒரு நாள் தானே குளித்ததை வைத்து "குளிப்பான்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது, "வேணும்னே அடம் பிடிக்கிறான்" என்ற முடிவு. நம் வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறோம்? மே மாதத்தில் வியர்த்த கழுத்தில் கஞ்சி போட்ட காலர் உரசுவது நமக்கே எரிச்சல். சில பிள்ளைகளால் அதைத் தாங்கவே முடியாது. இன்னும் சிலருக்கு எங்கே தொடங்குவது, அடுத்து என்ன என்பதில்தான் சிக்கல்.

காலையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது நாமே மாட்டிவிடுவது இயல்பு, நானும் செய்திருக்கிறேன். கற்றுத்தர ஞாயிற்றுக்கிழமை போதும். கடைசியிலிருந்து தொடங்குங்கள். டி-ஷர்ட்டைத் தலையில் மாட்டி, கைகளை நுழைப்பது வரை நீங்கள் செய்து, வயிற்றுக்கு இழுத்துவிடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். முடித்தது அவன் என்றாகிவிடும். அது பழகியதும் ஒரு கையையும் அவனே நுழைக்கட்டும். இடையில் "இந்தப் பக்கம், கையை விடு, சீக்கிரம்" என்று பேசிக்கொண்டே இருந்தால், அந்தக் குரல் வரும்வரை அடுத்த அசைவு வராது. முழங்கையை லேசாகத் தொட்டால் போதும். பிறகு அதையும் குறைத்துவிடலாம்.

பயிற்சி மையத்தில் குழாயைத் திறந்து கை கழுவுகிறவன், வீட்டில் பக்கெட்டையும் மக்கையும் பார்த்துத் திகைத்து நிற்பான். மறந்துவிடவில்லை, அவனுக்கு இது வேறு வேலை. வீட்டுப் பாத்திரத்திலேயே பழக்குங்கள். கடைக்கு அனுப்பிப் பழக்கும்போது விளையாட்டுப் பணம் வேண்டாம். உண்மையான 50 ரூபாய் நோட்டு, தெருமுனைக் கடை, ஒரு பால் பாக்கெட்.

வளர்ந்த பிள்ளையைக் கதவைத் திறந்து வைத்துக் குளிப்பாட்டுவதும் தவறுதான். பெண் பிள்ளைக்கு வயதுக்கு வரும் முன்பே நாப்கினை ஜட்டியில் ஒட்டிப் பழக்கிவிடுங்கள்.

இன்னொன்று: ஷூ லேஸுக்குப் பதிலும் சட்டைப் பட்டனுக்குப் பின்னாலும் வெல்க்ரோ என்ற ஒட்டும் பட்டை வைக்கலாம். இதைக் கேட்டதும் "அப்போ பட்டன் போடவே கத்துக்க மாட்டானே" என்று குடியாத்தத்து அம்மா தயங்கினார். ஞாயிற்றுக்கிழமை பட்டன் சட்டை, பள்ளி நாட்களில் வெல்க்ரோ என்று பேசி முடித்தோம். டெய்லர் அரை மணியில் தைத்துக் கொடுத்தார்.